வீட்டுக்கல்விக் குடும்பத்தின் அன்றாடமும் பிள்ளைகளின் நட்பு வட்டமும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கப்போவதாகச் சொன்னவுடன் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை, "பிள்ளை யாரோடு பழகும்?" என்பதாகவே இருக்கிறது. இது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடையாகப் பல பெற்றோர் நீச்சல், ஓவியம், இசை, சதுரங்கம் என்று வகுப்புகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாரம் முழுதும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பிள்ளைகளைச் சந்தித்தும், மனம்விட்டுப் பேச ஒருவர்கூட அமையாத பிள்ளைகள் உண்டு. பள்ளியில் நட்பு உண்டாவதற்குக் காரணம் அங்கே நிறையப் பேர் இருப்பது மட்டுமல்ல. அதே முகங்களை அதே இடத்தில் நாள்தோறும், யாரும் ஏற்பாடு செய்யாமலேயே, பார்க்க முடிவதும்தான். அந்தத் தொடர்ச்சி வீட்டுக்கல்வியில் தானாக வராது. பெற்றோர்தான் அதை அமைத்துத் தர வேண்டும். அன்றாட நேர ஒழுங்கையும் வார ஏற்பாட்டையும் முடிவு செய்யும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தாமாகவே விலகும்.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்பவரின் ஆய்வொன்று 2018இல் வெளியானது. அறிமுகமான ஒருவர் ஓரளவு பழகிய நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்று அது மதிப்பிட்டது. கல்லூரி மாணவர்களையும் பெரியவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இந்த எண்களை அப்படியே சிறுவர்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க இது உதவும். மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் சந்திக்கும் பிள்ளைகள் ஓராண்டில் 24 மணி நேரமே சேர்ந்திருக்கிறார்கள். வாரம் இரு முறை அதே இரண்டு மணி நேரம் சந்திப்பவர்களுக்கு ஓராண்டில் 200 மணி நேரம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஐந்து வகுப்புகளில் ஐந்து கூட்டங்களைச் சந்திப்பதைவிட, ஒரே கூட்டத்தை வாரத்தில் இரண்டு முறை சந்திப்பது மேலானது என்பது என் உறுதியான கருத்து.

எதைத் தொடங்குவதற்கு முன்பும் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். மிக அரிதான விலக்குகளைத் தவிர வீட்டுக்கல்விக்கு அங்கே இடமில்லை. பிரான்சில் 2022ஆம் கல்வியாண்டிலிருந்து முன் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்றாலும், அறிவிப்பு, பாட நாள்களின் கணக்கு, மதிப்பீடு ஆகியவை குறித்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. விதி எதுவாக இருந்தாலும், பிள்ளை படித்தவை, சென்ற இடங்கள், கலந்துகொண்ட நிகழ்வுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்துவைப்பது பிற்காலத்தில் பெரிதும் பயன்படும்.

ஒரு நாளின் அமைப்பு

புதிதாகத் தொடங்கும் குடும்பங்கள் பள்ளியின் கால அட்டவணையை வீட்டுக்குள் கொண்டுவர முயல்கின்றன. சில வாரங்களிலேயே தாயோ தந்தையோ களைத்துப்போகிறார்கள். பள்ளியில் ஒரு பாடவேளையில் கணிசமான பகுதி வருகைப்பதிவுக்கும், வரிசைக்கும், முப்பது பேரும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதற்கும் செலவாகிறது. ஒருவருக்கு ஒருவர் என்று அமர்ந்து படிக்கும்போது அந்த நேரம் தேவைப்படுவதில்லை. இங்கிலாந்தின் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வலியுறுத்தினார். பல வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. தொடக்க வகுப்பு வயதுப் பிள்ளைக்குக் காலையில் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரக் கவனமான படிப்பு பெரும்பாலும் போதுமானது. வயது ஏற ஏற நேரம் கூடும். பதின்ம வயதில் பிள்ளையே தன் நேரத்தைத் திட்டமிடப் பழகியிருக்க வேண்டும்.

கடிகார நேரத்தைக் காட்டிலும் வரிசையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலை உணவு, வீட்டு வேலை, கணிதம், மொழி, சிற்றுண்டி, வாசிப்பு என்ற வரிசை மாறாமல் இருந்தால், ஒரு நாள் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினாலும் ஒழுங்கு கெடாது. பல வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வரலாறு, அறிவியல், கதை வாசிப்பு ஆகியவற்றை எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்துச் செய்யலாம். கணிதத்தையும் எழுத்துப் பயிற்சியையும் மட்டும் தனித்தனியாக நடத்தினால் போதும். கைக்குழந்தை உறங்கும் நேரத்தை மூத்த பிள்ளையின் கடினமான பாடத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலான தாய்மார் தாமாகவே கண்டுகொள்ளும் வழி. பாத்திரம் துலக்குவது, துணி மடிப்பது, சமையலுக்கு உதவுவது ஆகியவற்றைப் பாடத்துக்கு இடையூறாகக் கருத வேண்டியதில்லை. எல்லாரும் நாள் முழுதும் வீட்டில் இருக்கும் குடும்பத்தில் வேலை மிகுதி. அதைப் பகிர்ந்துகொள்ளாமல் இந்த வாழ்க்கை நெடுநாள் ஓடாது.

மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் வீடு முழுதும் அமைதியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த புத்தகத்தோடோ கைவேலையோடோ தனித்தனி மூலையில் இருக்கட்டும். நாள் முழுதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் உடன்பிறப்புகளின் சண்டைகள் பாதிக்கு மேல் இந்த ஒரு மணி நேரத்தால் குறைந்துவிடும். கற்பிக்கும் பெற்றோருக்கும் அந்த ஓய்வு உரியது; அதைச் சமையலறை வேலைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த அமைப்பில் மாலைப்பொழுதுக்குத் தனிக் கவனம் தேவை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பித் தெருவுக்கோ பூங்காவுக்கோ வரும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால், மிக அருகில், செலவில்லாமல், தினமும் கிடைக்கக்கூடிய நட்பு கைநழுவிப் போகும். ஆகவே படிப்பைக் காலையிலும், நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குச் செல்வதைக் கூட்டமில்லாத முற்பகலிலும் வைத்துக்கொண்டு, வாரத்தில் பெரும்பாலான மாலைகளை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். விடுமுறையையும் அருகிலுள்ள பள்ளிகளின் விடுமுறையோடு ஒட்டி அமைப்பது நல்லது; தெருவெல்லாம் விளையாடும்போது ஒரு பிள்ளை மட்டும் பின்னக் கணக்கோடு உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மாலை விளையாட்டு அதையும் நிறைவேற்றிவிடும்.

வாரமும் நட்பும்

வாரத்துக்கு வீட்டைவிட்டுச் செல்லும் ஏற்பாடுகள் இரண்டோ மூன்றோ இருந்தால் போதும். அவற்றுள் ஒன்று குழுவாக ஆடும் விளையாட்டாகவோ நாடகம், சேர்ந்திசை போன்ற கூட்டு முயற்சியாகவோ இருப்பது நலம்; ஏனெனில் தனித்தனியாக அமர்ந்து பயிலும் வகுப்பில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களே தவிரப் பழகுவதற்குத் தருணம் கிடைப்பதில்லை. பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த சாரண இயக்கம், சிறு அணிகளாகப் பிரிந்து அதே தோழர்களோடு ஆண்டுக்கணக்கில் இயங்கும் முறையைக் கொண்டது. பள்ளி சாராத சாரணர் குழு அருகில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். போட்டிகளில் சேர்ப்பதற்கு முன், பள்ளியின் வழியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டுமா, தனியாகப் பதிவு செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது அவசியம். ஆவலோடு பயிற்சி எடுத்த பிள்ளையிடம் கடைசி நாளில் முடியாது என்று சொல்ல நேர்வது மிகுந்த வேதனை தரும்.

பிற வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு ஒரு குழு அமைப்பது இவை எல்லாவற்றிலும் பலன் மிக்கது; உழைப்பும் அதற்கேற்ப வேண்டும். ஓர் இடம், ஒரு கிழமை, ஒரு நேரம் என்று முடிவு செய்து, எவருடைய வசதிக்காகவும் அதை மாற்றாமல் இருங்கள். முதல் சில வாரங்களில் ஒரே ஒரு குடும்பம்தான் வரலாம். யாருமே வராத நாளும் இருக்கலாம். அப்போதும் உங்கள் பிள்ளைகளோடு அங்கே போய் இருந்துவிட்டு வாருங்கள். எப்போது போனாலும் யாரேனும் இருப்பார்கள் என்ற நம்பிக்கை பரவிய பிறகுதான் குழு நிலைபெறும். தொடக்கத்திலேயே பாடத்திட்டம், கட்டணம், பொறுப்பாளர் என்று இறங்க வேண்டாம். கட்டற்ற விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தாலே போதும். மூன்று நான்கு குடும்பங்கள் தொடர்ந்து வரத் தொடங்கிய பின், பெற்றோர் தமக்குத் தெரிந்ததை ஆறு அல்லது எட்டு வார வகுப்பாக முறைவைத்து எடுக்கலாம்.

குழு வளரும்போது சில செய்திகளைப் பெற்றோர் வெளிப்படையாகப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இருமலோடு வரலாமா, பிள்ளைகளின் படங்களை வெளியிடலாமா, பிறர் பிள்ளையைக் கண்டிக்கும் உரிமை யாருக்கு, பொதுச்செலவை எப்படிப் பங்கிடுவது என்பவைதான் பின்னால் மனக்கசப்பாக மாறுபவை. ஒரே குடும்பத்தின் தலையில் எல்லாப் பொறுப்பும் விழுந்தால் அந்தக் குடும்பம் விலகும் நாளில் குழுவும் கலைந்துவிடும். கற்பிக்கும் முறையிலோ நம்பிக்கையிலோ உங்களோடு முற்றிலும் ஒத்துப்போகும் குடும்பங்களை மட்டும் தேடினால் குழு அமையவே அமையாது; பிள்ளைகளை அன்போடும் பொறுப்போடும் நடத்துகிறவர்களாக இருந்தால் போதும் என்று கொள்ளுங்கள்.

கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். மில்ட்ரட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர் 1932இல் மழலையர் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும், பக்கத்தில் இருந்துகொண்டு தனியாக ஆடுவதையும், சேர்ந்து ஆடுவதையும் தனித்தனி வகைகளாகவே குறித்தார். வேடிக்கை பார்க்கும் பிள்ளையும் தன் வழியில் பங்கேற்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையை எல்லாரும் கூடுவதற்கு முன்பே அழைத்துச் சென்றால், ஒவ்வொருவராக வருபவர்களைச் சந்திப்பது எளிதாகும். பந்தைக் கொண்டுவருவது, தண்ணீர் கொடுப்பது என்று கையில் ஒரு பொறுப்பு இருந்தாலும் கூச்சம் குறையும். குழுவில் பிடித்துப்போன ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்து ஒரு பிற்பகல் முழுதும் விளையாட விடுவதைப் போல் நட்பை வளர்ப்பது வேறொன்றில்லை.

பதின்ம வயதில் நிலைமை மாறுகிறது. பன்னிரண்டு வயது வரை வீட்டில் நிறைவாக இருந்த பிள்ளை, அதன் பின் தன் வயதினரை மிகுதியாகத் தேடும். பெற்றோர் உடனிருக்கும் சந்திப்புகளை விரும்பாது. பாதுகாப்பான எல்லைக்குள் தானே பயணம் செய்யவும், தோழர்களோடு தனியே பேசவும் இடம் கொடுங்கள். தன்னார்வத் தொண்டு, பட்டறையிலோ அலுவலகத்திலோ சில மணி நேரப் பயிற்சி, சேர்ந்து செய்யும் நீண்ட திட்டப்பணி ஆகியவை இந்த வயதுக்குப் பொருந்துபவை. இணையத்தில் அமையும் நட்பை முற்றாகத் தடுப்பதைவிட, யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய சூழலை வீட்டில் வைத்திருப்பது பயன் தரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பள்ளி செல்லும் பிள்ளையை நாள்தோறும் பல பெரியவர்கள் பார்க்கிறார்கள். முகம் வாடினால் யாரேனும் ஒருவர் கவனிப்பார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆதலால் பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதையும் சொல்லத்தக்க பெரியவர் ஒருவரோ இருவரோ குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இசை ஆசிரியர், பயிற்சியாளர், நெடுநாள் குடும்ப நண்பர் என்று யாராகவும் இருக்கலாம். எந்த வகுப்பிலும் முதல் சில முறை நீங்கள் உடன் இருந்து, அங்கே பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்த பிறகே தனியாக விடுங்கள்.

விருந்திலும் விசேஷத்திலும் பிள்ளையை நிறுத்திவைத்து வாய்ப்பாடு கேட்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளையை அந்தச் சோதனைக்கு விட்டுக்கொடுக்காமல், "இப்போது இவள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள்" என்று பேச்சைத் திருப்புவது பெற்றோரின் கடமை. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று அந்நியர் கேட்டால் சொல்வதற்குச் சுருக்கமான, உண்மையான ஒரு பதிலைப் பிள்ளையோடு பேசி முன்பே ஆயத்தப்படுத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையோடு தனியே உட்கார்ந்து, யாரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, எங்கே போகப் பிடிக்கவில்லை, எதற்கு நேரம் போதவில்லை என்று கேளுங்கள். பிடிக்காத வகுப்பை நிறுத்திவிட்டு, பார்க்க ஆசைப்படும் தோழரைச் சந்திக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். தொடர்ந்து பல வாரம் சோர்ந்திருந்தாலோ, தனிமையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாலோ, அதை மறுத்துப் பேசாமல் முழுதாகக் கேட்க வேண்டும். பள்ளிக்குப் போக விரும்புவதாகச் சொன்னால், அந்த விருப்பத்தையும் நேர்மையாகப் பரிசீலித்து, அருகிலுள்ள பள்ளியை ஒரு நாள் சேர்ந்து சென்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.