பழைய பத்திரிகையில் ‘சரித்திரம்’: ஒரு சொல்லின் அன்றைய பொருளைப் பிடிப்பது எப்படி?

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் வந்தால் நிற்காமல் தாண்டிவிடுவோம். பழைய பத்திரிகை படிப்பவர்களுக்குக் கால் வழுக்குவது அங்கேதான். ‘சரித்திரம்’ என்ற சொல்லை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: பக்கத்தைத் தேடுங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்களில் சொல்லைத் தட்டித் தேடுவதை நம்ப வேண்டாம். பொருளடக்கத்தைக் கண்ணால் படியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’ எல்லாம் வேறு வடிவில் இருக்கும். நாலு பக்கம் படித்தால் பழகிவிடும்.

படி 2: முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில் 1893 முதல் பி. ஆர். ராஜமையர் ஒரு தொடர்கதை எழுதினார். தலைப்பு: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. உள்ளே ராஜாவும் இல்லை, போரும் இல்லை. கமலாம்பாள் கிராமத்துக் குடும்பப் பெண். அபவாதம் என்றால் வீண்பழி.

சரி, ‘சரித்திரம்’ ஏன் வந்தது? முன்னால் நிற்பது ஓர் ஆளின் பெயர். 1879-இல் புத்தகமாக வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1898-இல் வந்த ‘பத்மாவதி சரித்திரம்’ இரண்டும் அப்படியே. வடமொழியில் இச்சொல்லுக்கு நடத்தை, வாழ்ந்த விதம் என்று பொருள். உரைநடையில் நாவல் எழுதுவது தமிழுக்குப் புதிதாக இருந்த காலத்தில், ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நெடுங்கதைக்கு இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது.

படி 3: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

‘கதை’, ‘வாழ்க்கை’, ‘வரலாறு’ மூன்றையும் அதே இடத்தில் வையுங்கள். ‘கமலாம்பாள் கதை’ உறுத்தவில்லை. ‘இந்திய சரித்திரம்’ என்றால் ‘வரலாறு’ மட்டுமே உட்காரும். உ.வே.சாமிநாதையர் 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ தொடருக்கு ‘வாழ்க்கை’ சரியாக வருகிறது. ‘கதை’ என்று போட்டால் நடந்ததா, கற்பனையா என்ற சந்தேகம் வந்துவிடும். ஒரே சொல், மூன்று இடத்தில் மூன்று கனம். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த கட்டம் இது.

படி 4: அகராதி கடைசியில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இப்போது திறங்கள். முதலிலேயே திறந்தால், அதில் உள்ள பொருள் மட்டும்தான் பக்கத்திலும் கண்ணில் படும்.

படி 5: குறிப்பு எழுதுங்கள்

இதழ், ஆண்டு, பக்கம், அப்புறம் முன்னும் பின்னும் ஒரு வரி. சொல்லை மட்டும் குறித்தால் பத்து நாளில் உங்களுக்கே புரியாது.

எழுதி முடித்ததும் இன்றைய நாளிதழைப் பாருங்கள். போலீஸ் செய்தியில் ‘சரித்திரப் பதிவேடு’ என்று வரும். அங்கேயும் அது ஒரு தனி ஆளின் நடத்தைக் கணக்குத்தான். அதையும் அதே குறிப்பில், கமலாம்பாளுக்குக் கீழே எழுதி வையுங்கள்.