கண் தெரியாத பெரியவர்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்தில் இளைஞர்கள் சிரமதானம் செய்துகொண்டிருந்தார்கள். கண் தெரியாத தாத்தா ஒருவரின் இஸ்தோப்பை (முன் திண்ணையை) துப்புரவாக்கி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 12 வருசத்துக்கு முன் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். வழியில் வாளியை வைக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த விசயம், விடுவோம்.

கேட்காமல் மாற்றுவது

எங்கள் லயத்து அம்மாயி ஒருவருக்குக் கண் அழுத்த நோயான குளுக்கோமாவில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மகன் கொழும்பில். ஆனாலும் தண்ணீர் விழும் பீலிக்குத் தனியாகப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார். எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. காசு சேர்த்தோம். பாதைக்குச் சீமெந்து போட்டு, ஓரத்துக் கானை (வடிகாலை) மூடி, பீலிக்குக் குழாய் பூட்டினோம். திருப்பத்தில் கிடந்த கல்லை உருட்டும்போது அவர் இஸ்தோப்பிலிருந்து ஏதோ சொன்னார். "நீங்க சும்மா இருங்க அம்மாயி" என்றது நான்தான்.

மறுநாள் விடிய, பாதை தவறித் தேயிலைக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து 3 மாதம் படுக்கை.

தண்ணீர் விழும் சத்தம், இடது காலுக்குத் தட்டுப்படும் கான் ஓரம், திருப்பத்துக் கல். அவருக்கு வழி இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒரே நாளில் அழித்துவிட்டோம். "தண்ணியோட வாய ஏன்டா அடைச்சீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்.

குழாயைக் கழற்றினோம். பாதையின் இடது ஓரத்தில் கம்பி அடித்தோம். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டுப் பெரியவர் பின்னால் ஒரு தரம் நடக்கிறேன்: எங்கே காலால் தடவுகிறார், எங்கே நின்று காது கொடுக்கிறார். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழகும்வரை கூடவே நடக்க வேண்டும். அடுப்படியில் தீப்பெட்டிக்கும் உப்பு டின்னுக்கும் இதேதான்.

கையைப் பிடித்து இழுப்பது

அவர் உங்கள் முழங்கையைப் பிடிக்கட்டும். அரையடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள்.

கத்திப் பேசுவது

காது நன்றாகத்தான் கேட்கிறது.

"வயசானா அப்படித்தான்"

கண்புரை என்றால் சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் பார்வை திரும்பும். குளுக்கோமாவில் போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தாவது காக்கும். எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நேரத்தோடே கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

வாசிக்காமல் கைநாட்டு

60 வயதானால் பிரதேச செயலகம் மூலம் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். படிவம் சிங்களத்தில் இருந்தால், முழுவதையும் தமிழில் சொன்ன பிறகே கைநாட்டு. பஸ் போனால் போகட்டும்.