பிளாஸ்மாவின் வடிவமும் கலத்தின் சுவரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் இயற்பியல் முதுகலை படிக்கும் நம் தமிழ் மாணவர்கள் பலர், டோகமாக் (அயனியாக்கப்பட்ட சூடான வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவி) பற்றிய ப்ராஜெக்ட்டில் பிளாஸ்மாவின் வடிவத்தை ஓர் அத்தியாயத்திலும், அதைச் சூழ்ந்த வெற்றிடக் கலத்தின் சுவரைத் தயார்செய்வதை வேறோர் அத்தியாயத்திலும் எழுதி, இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் முடித்துவிடுகிறார்கள். மற்ற பிழைகள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

பிளாஸ்மாவை மேலும் கீழுமாக நீட்டினால் அது கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் நீட்டுகிற அதே காந்தப்புலம், பிளாஸ்மா சற்றே நகர்ந்தாலும் நகர்ந்த பக்கமே மேலும் இழுக்கும். அந்த நகர்வை மில்லிநொடிக் கணக்குக்கு மெதுவாக்கி, கட்டுப்பாட்டுச் சுருள்களுக்கு அவகாசம் தருபவை உலோகச் சுவரில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டங்களே. காந்த உணரிகளின் அளவீட்டில் இவற்றின் பங்கைக் கழிக்க மறந்தால், நடக்காத நகர்வைத் திருத்தப்போய் உண்மையான நகர்வை நாமே உண்டாக்கிவிடுவோம். 1989-இல் இயங்கத் தொடங்கிய காந்திநகர் ஆதித்யா டோகமாக்கின் வட்டக் குறுக்குவெட்டுப் பிளாஸ்மாவுக்குப் பொருந்திய முடிவுகளை, நீட்சி (உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1.85 வரை செல்லும், பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு டோகமாக்கான ஐடெருக்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

சுவர் விஷயத்தில் பெரிய தவறு, அழுத்தமானி நல்ல எண்ணைக் காட்டியதும் கலம் சுத்தமாகிவிட்டதென்று நம்புவது. ஜூலை மாதத்து மும்பைக் காற்றில் ஒரு வெற்றிடக் கலத்தைத் திறந்து மூடிப் பாருங்கள்; எஞ்சிய வாயுக்களை நிறைவாரியாகக் காட்டும் எச்சவாயுப் பகுப்பாய்வியில் நிறை எண் 18, அதாவது நீர், மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். 28-உம் (நைட்ரஜன்) 32-உம் (ஆக்சிஜன்) சேர்ந்து எழுந்தால் அது சுவரின் ஈரம் அன்று, காற்றுக் கசிவு. அப்போது கலத்தை எத்தனை நாள் சூடேற்றினாலும் பயனில்லை. கலத்தைத் திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜனை நிரப்புவது, பிறகு சூடேற்றுவது, அதன்பின் குளோ டிஸ்சார்ஜ் (மெல்லிய வாயுவில் மின்னிறக்கம் உண்டாக்கிச் சுவரைத் துலக்குவது), கடைசியாகப் போரான் பூச்சு என்ற வரிசையை அவசரத்தில் மாற்றக் கூடாது. 2023-இல் பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டன் சுவரைத் தேர்ந்தெடுத்த ஐடெரும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கப் போரான் பூச்சைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. மின்தடையே இல்லாத மீகடத்திக் காந்தங்களின் புலம் தொடர்ந்து இருக்கும் வேளையில் குளோ டிஸ்சார்ஜ் உதவாது என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் பிளாஸ்மாவின் விளிம்பைக் குளிர்விக்கிறது; மின்னோட்டம் நடுவே சுருங்குகிறது; உள் தூண்டம் (மின்னோட்டம் நடுவே எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) உயர்கிறது; செங்குத்து நிலைப்பாடு மேலும் கெடுகிறது. ஆகவே நேற்றுவரை நின்ற பிளாஸ்மா இன்று மேல்நோக்கி ஓடினால், கட்டுப்பாட்டு நிரலில் கை வைப்பதற்கு முன் அந்த ஷாட்டின் (ஒரு முறை இயக்கத்தின்) ஆக்சிஜன் நிறமாலைக் கோட்டை எடுத்துப் பாருங்கள்.