ஒரே மூலநிரல், வேறு வேறு கணினிகள்: விம் எடிட்டரை நாமே கம்பைல் செய்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அலுவலகத்தில் உபுண்டு லினக்ஸ் ஓடும் மேசைக்கணினி ஒன்று, கணக்குப் பிரிவில் விண்டோஸ், வீட்டில் ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி என்று மூன்று இடங்களிலும் எனக்கு விம் என்ற உரை எடிட்டர் ஒரே பதிப்பில், ஒரே வசதிகளோடு வேண்டும் என்பதால், ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்புகளை விட்டுவிட்டு மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்துகொள்கிறேன். மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவதுதான் கம்பைல். பெருந்துறையில் பொறியியல் படிக்கும் என் சித்தி மகன் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, “கான்ஃபிகர்னு அடிச்சா வரி வரியா ஓடுது, அது என்ன பண்ணுதுன்னே தெரியலீங்ணா” என்றான். அவனுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பேரெழுத்து தேவைப்படும் இடத்தை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

கான்ஃபிகர் உண்மையில் என்ன செய்கிறது?

பிராம் மோலனார் 1991ஆம் ஆண்டு விம்மை முதலில் வெளியிட்டது அமிகா கணினிக்காக. 1992இல் அது யூனிக்ஸுக்கு வந்தது. அதன் பிறகு அது போய்ச் சேராத இயங்குதளம் குறைவு. ஒவ்வொரு தளத்திலும் திரையில் எழுதும் முறை, விசைகளைப் படிக்கும் முறை, கோப்பைச் சேமிக்கும் முறை ஆகியவை சற்றே மாறுபடும். ஆகவே மூலநிரலில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள் எழுதப்பட்டிருக்கும். இந்தக் கணினிக்கு எந்த வழி பொருந்தும் என்பதைக் கம்பைல் செய்வதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தை எடுப்பதுதான் கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட்டின் வேலை.

எங்கள் ஊரில் ஆர்டர் கையில் இருந்தாலும் கட்டிங் மாஸ்டர் உடனே துணியில் கத்தி வைப்பதில்லை. ஒரு சாம்பிள் பீஸ் தைத்து, அது சரியாக வந்த பிறகே மொத்தத் துணியையும் வெட்டுவார். கான்ஃபிகரும் அப்படித்தான். சில வரிகளே உள்ள ஒரு சிறிய சி நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் அந்த வசதி இங்கே உண்டு, ஆகாவிட்டால் இல்லை. டெர்மினலில் ஓடும் ‘செக்கிங் ஃபார்’ என்று தொடங்கும் வரிகளில் பெரும்பாலானவை அப்படி ஒரு சாம்பிள் தைத்துப் பார்த்ததன் முடிவுகளே.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். எழுதியதை வட்டில் உறுதியாகப் பதியச் செய்யும் ‘எஃப்சிங்க்’ என்ற செயற்கூறு இருக்கிறதா என்று கான்ஃபிகர் சோதிக்கிறது. இருந்தால், எஸ்ஆர்சி கோப்புறைக்குள் உள்ள ஆட்டோ கோப்புறையில், ‘கான்ஃபிக்.ஹெச்’ என்ற கோப்பில் இப்படி ஒரு வரி விழுகிறது:

#டிஃபைன் ஹேவ்_எஃப்சிங்க் 1

இல்லாவிட்டால் அதே இடத்தில் குறிப்புரைக்குள் அடைபட்ட ‘அன்டெஃப்’ வரி ஒன்றுதான் இருக்கும். கோப்பைச் சேமிக்கும் நிரல் பகுதி இந்த ஒற்றை வரியைப் பார்த்தே தன் வழியைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே புதியவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: கணினி மாறினால் மூலநிரலில் நீங்கள் கை வைக்கத் தேவையில்லை, ‘கான்ஃபிக்.ஹெச்’ என்ற இந்த அளவுச்சீட்டு மட்டுமே மாற வேண்டும். ஒரு கணினிக்கு எடுத்த அளவுச்சீட்டை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகவும் கூடாது. அப்படிக் கொண்டுபோய் நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: கருவிகள்

உபுண்டுவிலும் டெபியனிலும் அடிப்படைத் தேவைக்கு இது போதும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட் பில்ட்-எசென்ஷியல் லிப்என்கர்சஸ்-டெவ்

ஃபெடோராவில் ஜிசிசி, மேக், என்கர்சஸ்-டெவல் ஆகியவற்றை டிஎன்எஃப் வழியாக நிறுவுங்கள். ஆப்பிளின் மேக் கணினியில் ‘எக்ஸ்கோட்-செலெக்ட் --இன்ஸ்டால்’ என்ற ஒரே கட்டளை கிளாங் கம்பைலரையும் மற்றவற்றையும் கொண்டுவந்துவிடும்.

பெயரின் கடைசியில் வரும் ‘டெவ்’ என்ற ஒட்டைப் பலர் கவனிப்பதில்லை. டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் லைப்ரரி அநேகமாக எல்லா லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அது ஓடும் நிரல்களுக்கானது. கம்பைலருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் ‘டெவ்’ தொகுப்பில்தான் உள்ளன. அது இல்லாமல் தொடங்கினால் ‘செக்கிங் ஃபார் டிகெட்என்ட்()’ என்ற வரியில் கான்ஃபிகர் நின்று, ‘நாட் ஃபவுண்ட்!’ என்று சொல்லி, என்கர்சஸ் போன்ற டெர்மினல் லைப்ரரி ஒன்றை நிறுவச் சொல்லும்.

படி 2: மூலநிரல்

கிட்ஹப்பில் விம் என்ற பெயரிலேயே உள்ள களஞ்சியத்தை ‘கிட் குளோன்’ கட்டளையால் நகலெடுத்துக்கொண்டு, ‘சிடி விம்/எஸ்ஆர்சி’ என்று உள்ளே செல்லுங்கள்.

படி 3: வசதிகளைத் தேர்ந்து, அளவெடுத்தல்

./கான்ஃபிகர் --வித்-ஃபீச்சர்ஸ்=ஹியூஜ் --எனேபிள்-பைத்தான்3இன்டர்ப் --பிரிஃபிக்ஸ்=/ஹோம்/உங்கள்பெயர்/.லோக்கல்

முதல் விருப்பம் எவ்வளவு வசதிகள் வேண்டும் என்பதைச் சொல்கிறது. டைனி, நார்மல், ஹியூஜ் என மூன்று அளவுகள் உண்டு. இரண்டாவது, விம்முக்குள்ளிருந்தே பைத்தான் நிரல்களை இயக்கும் வசதி. மூன்றாவது, நிறுவ வேண்டிய இடம். அதைக் குறிப்பிடாவிட்டால் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்ற பொது இடத்தில் நிறுவப்படும், அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் சொந்தக் கோப்புறையில் நிறுவுவதே நல்லது.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டெர்மினல் லைப்ரரி போன்ற அத்தியாவசியம் இல்லாவிட்டால் கான்ஃபிகர் நின்றுவிடும். ஆனால் பைத்தான் போன்ற கூடுதல் வசதிக்கான ஹெடர்கள் இல்லாவிட்டால், ‘நோ’ என்று ஒரு வரியை ஓட்டிவிட்டு அது தன் வழியே போய்க்கொண்டிருக்கும். கம்பைலும் சுத்தமாக முடியும், எடிட்டரும் திறக்கும், நீங்கள் கேட்ட பைத்தான் மட்டும் இருக்காது. இதைத் தடுக்க ‘--எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்ட வசதி கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும்படி இது செய்யும். என்னைக் கேட்டால் இந்த விருப்பம் கேட்காமலேயே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

கான்ஃபிகர் நின்றுவிட்டால் ஆட்டோ கோப்புறையில் உள்ள ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். ஆனால் அதன் கடைசி வரியில் காரணத்தைத் தேடாதீர்கள், கோப்பின் வால் முழுவதும் மாறிகளின் பட்டியலாகவே இருக்கும். ‘எரர்’ என்ற சொல்லைத் தேடிப் போனால், தோற்றுப்போன அந்தச் சிறிய சி நிரலும் கம்பைலர் அதைப் பற்றிச் சொன்ன குறையும் அருகருகே கிடைக்கும்.

படி 4: கம்பைல், சோதனை, நிறுவல்

கம்பைலைச் செய்வது ‘மேக்’ கட்டளை. ‘மேக் -ஜே4’ என்றால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். முடிந்ததும் ‘./விம் --வெர்ஷன்’ என்று கேளுங்கள். நீளமான பட்டியல் ஒன்று வரும். அதில் கூட்டல் குறியோடு இருப்பவை சேர்ந்தவை, கழித்தல் குறியோடு இருப்பவை சேராதவை. அங்கே ‘-கிளிப்போர்டு’ என்று இருந்தால், லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவுக்கான ஹெடர்கள் கிடைக்கவில்லை என்பதே வழக்கமான காரணம். உபுண்டுவில் ‘லிப்எக்ஸ்டி-டெவ்’ நிறுவிவிட்டு, ‘மேக் டிஸ்ட்கிளீன்’ என்று பழைய முடிவுகளைத் துடைத்துவிட்டு, மீண்டும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சரியென்றால் ‘மேக் இன்ஸ்டால்’.

விண்டோஸில்

இங்கே கான்ஃபிகர் கிடையாது. விண்டோஸ் எந்தக் கணினியில் ஓடினாலும் அதன் அடிப்படை ஒன்றே என்பதால், அளவுச்சீட்டு ‘ஓஎஸ்_வின்32.ஹெச்’ என்ற கோப்பில் கையாலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளது. மிங்டபிள்யூ கம்பைலரை நிறுவிக்கொண்டு, எஸ்ஆர்சி கோப்புறையில் இதைக் கொடுங்கள்:

மிங்டபிள்யூ32-மேக் -எஃப் மேக்_மிங்.மாக் ஜியுஐ=நோ ஃபீச்சர்ஸ்=ஹியூஜ்

கோப்புப் பெயரின் முதல் எழுத்தும், ஜியுஐ, ஃபீச்சர்ஸ், ஹியூஜ் ஆகிய சொற்கள் முழுவதும் பேரெழுத்தில் இருக்க வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு ‘மேக்_எம்விசி.மாக்’ என்ற தனிக் கோப்பு உண்டு.

ராஸ்பெரி பையும் நான் செய்த தவறும்

அலுவலகத்தில் கம்பைல் செய்த விம் கோப்புறையை ஒரு சனிக்கிழமை அப்படியே பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்து வந்து, ராஸ்பெரி பையில் நகலெடுத்து, ‘மேக்’ என்றேன். செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்றது. ஓட்டிப் பார்த்தால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’. இன்டெல் பிராசசருக்கான நிரல் ஆர்ம் பிராசசரில் எப்படி ஓடும்? கம்பைலின் இடைநிலை விளைவான ‘.ஓ’ கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி முயன்றேன். இம்முறை, நான் கேட்கவே கேட்காத, சாளர வடிவ விம்முக்கான ஜிடிகே ஹெடரைக் காணோம் என்று கம்பைலர் நின்றது. அலுவலகக் கணினியில் எடுத்த அளவுச்சீட்டு ஆட்டோ கோப்புறையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மேக் அதையே நம்பிக்கொண்டிருந்தது. ‘மேக் டிஸ்ட்கிளீன்’ என்ற இரண்டு சொற்கள் தெரியாமல் அந்த ஞாயிறு முழுவதும் போயிற்று.

உபுண்டுவில் இருந்தபடியே ராஸ்பெரி பைக்கான நிரலைத் தயாரிக்கும் கிராஸ்-கம்பைல் முறையும் உண்டு. ஆனால் அதில் சாம்பிளைத் தைக்கலாமே தவிர, ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் கான்ஃபிகர் ‘விம்_சிவி_டெர்ம்இன்ஃபோ’ போன்ற மாறிகளின் மதிப்பை உங்களிடமே கேட்டு நிற்கும். புதியவர்கள் ராஸ்பெரி பையிலேயே நேரடியாகக் கம்பைல் செய்துகொள்வது உத்தமம்.

வீட்டில் இரண்டு லினக்ஸ் கணினிகள் ஒரே நெட்வொர்க் கோப்புறையைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், இதற்கென்றே விம்மில் ஒரு வழி இருக்கிறது. எஸ்ஆர்சி கோப்புறையில் இதைக் கொடுங்கள்:

மேக் ஷேடோ ஷேடோடிர்=பை

சமக்குறிக்கு முன்னால் உள்ள ‘ஷேடோடிர்’ மட்டும் பேரெழுத்து. ‘பை’ என்ற பெயரில் ஒரு நிழல் கோப்புறை உருவாகும். அதில் மூலநிரல் கோப்புகளுக்கான இணைப்புகள் மட்டுமே இருக்கும், அளவுச்சீட்டும் ‘.ஓ’ கோப்புகளும் அதற்கே உரியவையாகத் தனியாக உருவாகும். உபுண்டுவுக்கும் இதேபோல் ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அந்தந்தக் கணினியில் அதனதன் நிழல் கோப்புறைக்குள் சென்று மூன்றாம், நான்காம் படிகளைச் செய்யுங்கள். புதிய பதிப்பு வரும்போது ஒரே ஒரு ‘கிட் புல்’ இரண்டுக்கும் போதும். அந்தப் பதிப்பில் புதிதாக ஏதேனும் சி கோப்பு சேர்ந்திருந்தால் மட்டும், அதற்கான இணைப்பு நிழல் கோப்புறையில் இருக்காது என்பதால், அந்த நிழல் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.