தும்பைக்கு ஒரு வருஷம், ஆவாரைக்குப் பல வருஷம்: வரப்பிலேயே கணக்கெடுப்பது எப்படி

துளசி கதிர் விட்டதும் கிள்ளிவிடச் சொல்வார்கள் வீட்டில். கதிரை முற்றவிட்டால் செடி சீக்கிரம் கட்டை தட்டிப்போகும், கிள்ளிக்கொண்டே இருந்தால் தழைத்துக்கொண்டே இருக்கும். செடி சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒரே மூட்டைதான், விதைக்குக் கொடுத்தால் வேருக்கும் தண்டுக்கும் குறையும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஒரு மலைச்சரிவில் எந்தச் செடி பெருகும், எது ஒரே வருஷத்தில் ஓடி முடியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம், நான் கேரளத்தில் மூணாறை அடுத்த மறையூர்ப் பக்கம் கரும்புக் காட்டு ஓரத்தில் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று ஒரு வருஷத்தில் பூத்து, விதைத்து, காய்ந்துவிடுவது, எனக்குத் தும்பை. இன்னொன்று பல வருஷம் நிற்பது, எனக்கு ஆவாரை. மறையூர் மழை மறைவுப் பகுதி என்பதால் சின்னாறு வரை ரோட்டோரம் ஆவாரைக்குக் குறைவே இல்லை. தும்பைக்கு 1 மீட்டர் சதுரம், ஆவாரைக்கு 5 மீட்டர் சதுரம், நான்கு முனையிலும் கம்பி, சுற்றி நைலான் கயிறு. ஐப்பசி மழைக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டால் முளைப்பதைத் தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செடிக்கும் எண் எழுதிய அடையாளம் கட்டி, நோட்டில் உயரம், பூத்ததா, காய்த்ததா என்று மாதம் ஒருமுறை எழுத வேண்டும். குறைந்தது இரண்டு வருஷம் ஆகும். "என்னண்ணே, களையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க, புடுங்கிப் போட்டுரவா?" என்று கரும்பு வெட்ட வருகிறவர்கள் கேட்பார்கள், அதற்குச் சிரித்துவிட்டு அவர்களிடமே சதுரத்தைக் காட்டி வைப்பது நல்லது, இல்லையென்றால் உண்மையிலேயே பிடுங்கிவிடுவார்கள். எனக்கு ஒருமுறை நடந்தது, எட்டு மாத நோட்டு வீண்.

இப்போது கணக்கு. இரண்டே எண்கள் போதும். வளர்ந்த செடிகளில் எத்தனை பங்கு அடுத்த வருஷமும் உயிரோடு இருக்கின்றன என்பது தங்கும் விகிதம். விழுந்த விதையில் எத்தனை பங்கு அடுத்த வருஷம் பூக்கும் செடியாக நிற்கிறது என்பது தேறும் விகிதம். தேறும் விகிதத்தை அறிய, தாய்ச்செடி இல்லாத ஒரு சதுரத்தில் 200 ஆவாரை விதைகளை எண்ணிப் போடுங்கள். அடுத்த வருஷம் 4 நின்றால் 0.02. பக்கத்தில் வளர்ந்த 10 செடிகளில் 9 பிழைத்திருந்தால் தங்கும் விகிதம் 0.9. (இவை கணக்குக்காக எடுத்த எண்கள், உங்கள் வரப்பில் வேறாக வரும்.)

ஒரு பழைய புதிர் இங்கேதான் வருகிறது. 1954-ல் லமான்ட் கோல் என்ற சூழலியலாளர் ஒரு கணக்குப் போட்டார்: வருஷா வருஷம் சாகும் செடி, சாகாமலே இருக்கும் செடியைவிட ஒரே ஒரு கன்று கூடுதலாகத் தேறவைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில் பெருகும். அப்படியென்றால் மரங்கள் எதற்கு இத்தனை வருஷம் நின்று கஷ்டப்படுகின்றன? கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, 1973-ல், சார்னோ, ஷாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். குட்டிச் செடி சாகும் வேகமும் வளர்ந்த செடி சாகும் வேகமும் ஒன்றல்ல. தங்கும் விகிதத்தைத் தேறும் விகிதத்தால் வகுத்தால், நிலைத்து நிற்பதை விட்டுவிட்டு ஒரே தடவையில் பூத்துச் சாக ஒரு செடிக்கு எத்தனை விதை கூடுதலாக வேண்டும் என்பது கிடைக்கும். மேலே உள்ள எண்ணில் 0.9-ஐ 0.02-ஆல் வகுத்தால் 45. 45 விதை கூடுதலாகச் செய்ய அந்தச் செடி எதை விற்பது? அதற்கு நிலைத்து நிற்பதே லாபம். சரி, அதே ஆவாரை கரும்புக் காட்டுக்குள் முளைத்தால்? மண்வெட்டி வருஷத்துக்கு இரண்டு முறை வரும், தங்கும் விகிதம் 0.1 ஆகிவிடும். கிளறிய மண்ணில் நிழலும் போட்டியும் குறைவு என்பதால் தேறும் விகிதம் 0.1 என்று வைத்துக்கொள்வோம். விடை 1. அங்கே சீக்கிரம் பூத்து ஓடிவிடுகிற செடிதான் ஜெயிக்கும். கரும்புக் காட்டுக்குள் தும்பையும் வரப்பில் ஆவாரையும் நிற்பதன் காரணத்தில் பெரும்பகுதி இந்த வகுத்தலுக்குள் இருக்கிறது.

எண்ணும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி, போட்ட வருஷமே எல்லாம் முளைக்காது. முளைக்காததைச் செத்ததாக எழுதிவிடாதீர்கள், சதுரத்தை மூன்று நான்கு மழைக்காவது வைத்திருங்கள். மழை பொய்க்கும் வருஷத்துக்காக விதையில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே காத்திருப்பது லாபம் என்று டான் கோஹன் என்ற ஆய்வாளர் 1966-லேயே கணக்காகக் காட்டினார். இன்னொன்று, நெருக்கம். ஒரு சதுரத்தில் நாற்று ஜாஸ்தியானால் தேறும் விகிதம் தானாகவே விழும், அதனால் கூட்டமான சதுரம் ஒன்றும் தனிச் சதுரம் ஒன்றும் வையுங்கள். யானை மிதித்துவிட்டுப் போனால் அதையும் சாவு என்றே எழுதுங்கள். எங்கள் பக்கம் அது அடிக்கடி நடக்கும்.

அப்புறம், இந்த வித்தியாசம் மரபில் இறங்குகிறதா என்று பார்க்க ஆசையா? கரும்புக் காட்டுக்குள் நிற்கும் தும்பையின் விதையையும் வரப்புத் தும்பையின் விதையையும் எடுத்து, ஒரே மண், ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வளர்த்து, எது முதலில் பூக்கிறது என்று நாள் குறியுங்கள். தாய்ச்செடியின் ஊட்டம் விதையில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், ஆகவே அந்தத் தொட்டிச் செடிகளின் விதையை எடுத்து இன்னொரு தலைமுறை வளர்க்க வேண்டும். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது மரபு. பிரிட்டனில் போவா அன்னுவா என்ற சின்னப் புல்லில் 1970-களில் இதைச் செய்தார்கள். அடிக்கடி கிளறப்படும் இடத்துப் புல் சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் செத்தது, மேய்ச்சல் நிலத்துப் புல் தாமதமாகப் பூத்து நீண்ட நாள் இருந்தது.

இந்த முறை உதவாத ஒரு செடி நம் மலையிலேயே இருக்கிறது, நீலக்குறிஞ்சி. 2006, 2018 என்று 12 வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, சாகிறது. இடையில் எந்த வருஷம் எண்ணினாலும் பூ கிடைப்பது அபூர்வம். ஒரே சமயத்தில் கொட்டினால் தின்கிறவை தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை மிஞ்சும் என்பது ஒரு விளக்கம். 2018-ல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் வந்து ரோடு போய்விட்டது, பார்க்க ஆசைப்பட்ட பலபேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடுத்தது 2030. வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் கம்பி அடிக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் பூத்த பிறகு முளைக்கும் நாற்றுக்குப் பெயிண்ட் அடையாளம் வேண்டாம், அது இரண்டு மழைக்கு மேல் நிற்பதில்லை, அலுமினியத் தகட்டில் ஆணியால் எண்ணைக் கீறிக் கட்டுங்கள்.