மாநகர சபையின் சேவைத்தரத்தைப் பின்தொடர்வது எப்படி?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குப்பை அகற்றப்படவில்லை என்றால், முதலில் அது யாருடைய பொறுப்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குப்பை அகற்றல், வடிகான் துப்புரவு போன்றவை கொழும்பு மாநகர சபையின் கடமைகள். குழாய் நீரோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, திகதியுடன் கூடிய பற்றுச்சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி முறைப்பாட்டைப் பின்னர் நிரூபிப்பது கடினம். எழுத்து முறைப்பாட்டின் பிரதியை வட்டார உறுப்பினரிடம் கையளித்து, சபையின் பொதுக்கூட்டத்திலோ உரிய நிலையியற் குழுவிலோ (குறித்த துறையைக் கவனிக்கும் உறுப்பினர் குழு) அதைக் கேள்வியாக எழுப்புமாறு கோரலாம். ‘ஏன் அகற்றவில்லை?’ என்பதைவிட, ‘கடந்த மூன்று மாதங்களில் இவ்வட்டாரத்துக்குக் கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, தீர்க்கப்பட்டவை எத்தனை?’ என்று கேட்பதே பயன் தரும். முதற்கேள்விக்குச் சாக்குச் சொல்லலாம், இரண்டாவதற்குப் பதிவேட்டைத்தான் திறக்க வேண்டும்.

அதற்கும் பதில் இல்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபைக் கூட்டங்களின் அறிக்கைகளையும் செலவு விவரங்களையும் கோரி, சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தகவலை வழங்குவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் முதல் மேன்முறையீட்டைக் கவனிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் கணக்காய்வாளர் தலைமை அதிபதி சபையைப் பற்றி வெளியிடும் அறிக்கைகளையும் வாசியுங்கள். உறுப்பினர்களே சில வேளைகளில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பதில்லை.