மண்ணுக்குள் போட வேண்டிய பணம்: கிளப் கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறுப்பினர்களே நடத்தும் கோல்ஃப் கிளப்பின் பொதுக்குழுவில் மைதானத்தைப் புதுப்பிக்கும் பேச்சை எடுத்தால், முதல் புகார் பங்கர் எனப்படும் மணல் பள்ளங்களின் மணலைப் பற்றி வரும். அடுத்தவர் கிரீனில், அதாவது குழி இருக்கும் குட்டைப் புல்தரையில், பந்து ஓடவே மாட்டேன் என்கிறது என்பார். மூன்றாவதாக எழுந்து நிற்பவர் கிளப் ஹவுஸ் கழிப்பறைக்குப் போய்விடுவார். முப்பது வருஷமாக மண்ணுக்குள் கிடக்கும் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். குழாய்க்கு ஓட்டு இல்லை.

இந்தக் கூட்டங்களில் மேடையிலும் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே கேள்வி கேட்கும் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரை திட்டம் தடம் புரள்வது புல் நடும்போது இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, எதற்குப் பணம், எவ்வளவு, எங்கிருந்து என்று பேசும்போதே புரண்டுவிடுகிறது.

கண்ணில் படுவதை முதலில் செய்வது

பங்கரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய மணலை அள்ளிவிட்டு வெள்ளை வெளேரென்று புது மணல் கொட்டுகிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் கனமழை வந்ததும் பங்கர் குட்டையாகிறது. சரிவிலிருந்த மணல் அடியில் சேர்ந்துவிட, வெளியே தெரியும் களிமண் கரைந்து மணலோடு கலக்கிறது. இரண்டு மழைக்காலத்தில் வெள்ளை மணல் பழுப்பாகிவிடும். மணலில் குற்றமில்லை. அடியிலிருக்கும் வடிகால் குழாய் மண் அடைத்துச் செத்துக் கிடந்ததை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர்கள் சங்கம் மைதானத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஆயுள் கணக்கு வைத்திருக்கிறது. பங்கர் மணலுக்கு 5 முதல் 7 வருஷம். பங்கர் வடிகாலுக்கு 5 முதல் 10. முதல் அடி அடிக்கும் டீ மேடைகளுக்கு 15 முதல் 20. கிரீனுக்கு 15 முதல் 30. பாசன அமைப்புக்கு 10 முதல் 30. மண், மழை, பராமரிப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். இந்த ஐந்து எண்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் கிளப்பில் ஒவ்வொன்றும் எந்த வருஷம் போட்டது என்று குறித்துப் பாருங்கள். பாதி இடத்தில் வருஷம் தெரியாது என்றுதான் எழுத வேண்டியிருக்கும். திட்டத்தின் முதல் வேலை அங்கேயே தெரிந்துவிடும்.

வேலையின் வரிசை கீழிருந்து மேலே போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பம்பு தாங்குமா, பிரதானக் குழாய், வடிகால், பிறகு கிரீன், கடைசியில் பங்கர். தலைகீழாகச் செய்தால் இன்றைக்கு அழகாக முடித்த ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளியை) அடுத்த வருஷம் குழாய் பதிக்க நீளவாக்கில் கிழிக்க வேண்டிவரும். மூடிய பள்ளத்தின் மேல் போட்ட மண் ஒரு மழைக்காலம் கழித்து அமுங்கி, புல்லுக்கு நடுவே நீண்ட தழும்பாக நிற்கும். எந்தக் குழு எந்த வருஷம் அவசரப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

நோய் பார்க்காமல் அறுவைச் சிகிச்சை

கிரீன் சரியில்லை என்றால் எல்லாக் கிரீனையும் இடித்துக் கட்டு என்பது ஒரு கட்சி. மேலே கொஞ்சம் மணல் தூவினால் போதும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கிரீனுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

குழி வெட்டும் கருவி எல்லா கிளப்பிலும் இருக்கிறது. 108 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மண் உருளையை எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். நல்ல கிரீன் என்றால் வேர் வெள்ளையாக நீளமாகத் தொங்கும். கெட்டுப்போன கிரீனில் வேர் இரண்டு விரற்கடையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை இருக்கும், முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் புகாமல் தண்ணீர் தேங்கி நின்றதன் அடையாளம் அது. இந்த உருளையை ஒரு தட்டில் வைத்துப் பொதுக்குழுவுக்கு எடுத்துப் போனால் ஐம்பது பக்க அறிக்கை செய்யாத வேலையை அது செய்யும். ஒருமுறை முன்வரிசை மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு விவாதம் பெரிதாக நடக்கவில்லை.

1960-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூ.எஸ்.ஜி.ஏ. வெளியிட்ட கிரீன் கட்டுமான முறையில் அடியில் வடிகால் குழாய், அதன் மேல் சுமார் 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. அடிப்படை இன்றைக்கும் அதேதான். உங்கள் கிரீன் அப்படிக் கட்டப்பட்டதா, வெறும் மண்ணைக் குவித்து எழுப்பியதா என்பது தெரியாமல் மதிப்பீடு போடுவது வீண். மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று எண் வாங்குங்கள். திட்டத்தின் மொத்தச் செலவில் இது தூசு.

பல நேரம் நோய் கிரீனுக்குள்ளேயே இருக்காது, பக்கத்து மரத்தில் இருக்கும். காலை வெயில் படாத கிரீனை எத்தனை தடவை இடித்துக் கட்டினாலும் புல் பிடிக்காது. ஆனால் மரத்தை வெட்டுவது என்றால் கிளப்பில் கலகம்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓக்மான்ட் கிளப்பில் 1990-களில் மரங்களை அகற்றத் தொடங்கியபோது, விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் வெட்டி, உறுப்பினர்கள் வருவதற்குள் குப்பையைத் துடைத்து, புல்லையும் ஒட்டிவிடுவார்களாம். காலப்போக்கில் ஆயிரக்கணக்கான மரங்கள் போயின, அந்த மைதானத்தின் பெயரும் உயர்ந்தது. கேட்கச் சுவையாக இருக்கும், பின்பற்றாதீர்கள். விஷயம் வெளியே தெரிந்தபோது அங்கே பெரிய சண்டையே நடந்தது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரீனில் பந்து எத்தனை அடி உருளும் என்று அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1930-களில் உருவாக்கினார். 1970-களின் பிற்பகுதியில் யூ.எஸ்.ஜி.ஏ. அமெரிக்கா முழுக்க அளந்தபோது சராசரி ஆறரை அடி. இன்று 10 அடி கேட்காத உறுப்பினர் கிடையாது. ஆறரை அடி வேகத்துக்கு வரைந்த பழைய சரிவில் பத்தடி வேகத்தில் பந்து நிற்கவே நிற்காது. குழி வைக்கத் தோதான சமதளம் கிரீனின் ஒரு மூலைக்குச் சுருங்கும், எல்லோர் காலும் அங்கேயே மிதிக்கும், அங்கே புல் சாகும். ஆகவே வேகமான புல் வேண்டும் என்று தீர்மானம் போடும்போதே சரிவை மாற்றும் செலவுக்கும் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ஒரு தடவைதானே என்ற கணக்கு

பணத்தில் நடக்கும் பெரிய தவறு, தேய்மானத்தைக் கணக்குப் புத்தகத்தோடு விட்டுவிடுவது. ஆண்டறிக்கையில் தேய்மானம் என்று ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகை தனிக் கணக்கில் உண்மையாகவே ஒதுக்கப்பட்டதா என்று கேட்டால் பொருளாளர் கண்ணாடியைத் துடைப்பார். சந்தாவை உயர்த்தாமல் வைத்திருந்தோம் என்று பெருமைப்படும் குழு, பெரும்பாலும் குழாயின் ஆயுளைத் தின்றுதான் அதைச் சாதித்திருக்கும்.

ஒதுக்கும் கிளப்புகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாசன அமைப்பின் விலை இன்று 100, ஆயுள் 25 வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 4 ஒதுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 25 வருஷம் கழித்து அதே அமைப்பின் விலை 338-ஐத் தாண்டும். கையில் 100-உம் அதன் வட்டியும்தான் இருக்கும். ஒதுக்கும் தொகையும் விலையோடு சேர்ந்து ஏற வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களின் நுழைவுக் கட்டணத்தை அன்றாடச் செலவுக்குத் தொடாமல் இந்தக் கணக்கில் போடுவது நல்ல பழக்கம். நுழைவுக் கட்டணத்தில் சம்பளம் கொடுக்கும் கிளப், ஆள் சேருவது நின்ற வருஷம் திணறும்.

கடன் வாங்குவது தவறில்லை. கடனின் வயதும் பொருளின் வயதும் பொருந்தாமல் போவதுதான் தவறு. பாசனக் குழாய்க்குப் பதினைந்து வருஷக் கடன் நியாயம். அந்தக் குழாயை அனுபவிக்கப் போகும் நாளைய உறுப்பினரும் தன் பங்கைக் கட்டுவார். பங்கர் மணலையும் சேர்த்து இருபது வருஷக் கடனில் போட்டால், கடன் தீர்வதற்குள் மணலை இரண்டு மூன்று தடவை மாற்றியிருப்பீர்கள். இல்லாத மணலுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். மணலை ஆண்டு வருமானத்திலிருந்தோ ஒதுக்கு நிதியிலிருந்தோ வாங்க வேண்டும்.

உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று சிறப்பு வசூல் போடுவது வேகமான வழி, வட்டியும் இல்லை. ஆனால் வகுக்கும்போது எல்லோரும் இருப்பார்கள் என்று வகுக்கிறார்கள். 500 பேரில் 50 பேர் விலகினால் மீதிப் பேரின் பங்கு 11 சதவீதம் கூடும். போன ஐம்பது பேரின் ஆண்டுச் சந்தாவும் கூடவே போகும். விலகுவதில் பலர் வயதானவர்கள். பத்து வருஷம் கழித்து அருமையாகப் போகும் கிரீனுக்கு எழுபத்தெட்டு வயதில் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தவணை வசதி, வயதுக்கேற்ற சலுகை, மொத்தமாகக் கட்டுபவருக்குத் தள்ளுபடி என்று இரண்டு மூன்று வழி வைத்துவிட்டு ஓட்டுக்கு விடுங்கள்.

திருப்பித் தரும் வைப்புத் தொகை இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். சேரும்போது பெரிய தொகை வாங்கி, விலகும்போது தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பது. பணம் வந்த அன்று வருமானம் மாதிரி இனிக்கும், உண்மையில் அது கடன். அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு பல கிளப்புகளில் விலக நினைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். புதியவர்கள் சிலர் சேர்ந்தால்தான் பழையவர் ஒருவருக்குப் பணம் என்ற விதி. அதுவரை சந்தாவும் கட்ட வேண்டும். அந்தத் தொகையில் பங்கர் கட்டிய குழுக்கள் அதற்குள் மாறிப்போயிருந்தன.

ஓரத்து நிலத்தை வீட்டுமனையாக விற்று வேலை செய்யலாம் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். விற்ற பிறகு பந்து கண்ணாடியை உடைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் நினைவுக்கு வருவார்.

மதிப்பீட்டில் காணாமல் போகும் வரிகள்

ஒப்பந்ததாரர் தரும் விலை திட்டத்தின் விலை ஆகாது. வடிவமைப்பாளர் கட்டணம், நில அளவை, மண் சோதனை, அனுமதிகள், மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் வெளியே நிற்கும். மண்ணைத் தோண்டும் வேலையில் குறைந்தது 10 சதவீதமாவது எதிர்பாராச் செலவுக்கு வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் எழுதுபவர்கள்கூட மறப்பது இரண்டு. மூடியிருக்கும் மாதங்களில் விருந்தினர் கட்டணமும் உணவக வருமானமும் நின்றுபோவது ஒன்று. நட்ட புல் நிலைபெறும் வரை உரம், தண்ணீர், ஆள் எல்லாம் வழக்கத்தைவிட அதிகமாக வேண்டும் என்பது இன்னொன்று.

புல் நாட்காட்டி பார்க்கும், பொதுக்குழு தேதி பார்க்காது. பெர்முடா புல் வகைகள் மண் சூடாக இருக்கும்போதுதான் படரும். டெண்டர் தாமதம், பண்டிகை விடுமுறை என்று இழுத்து வெப்பம் குறையும் நேரத்தில் நட்டால், பாதி மூடிய நிலையில் அது தூங்கிவிடும், அடுத்த வெயில் வரை கிரீன் மொட்டையாகவே நிற்கும். அறிவித்த தேதிக்குத் திறந்தே ஆக வேண்டும் என்று இளம் புல்லில் நூறு பேரை நடக்கவிடுவது இதைவிட மோசம். திறப்பு விழாத் தேதியை அழைப்பிதழில் அச்சடிக்கும் உரிமை மைதானப் பராமரிப்பாளரிடம் இருக்கட்டும்.

வருஷத்துக்கு மூன்று கிரீன் வீதம் ஆறு வருஷம் செய்யலாம் என்ற யோசனை பணத்துக்கு இதமாகத் தெரியும். ஆனால் ஆறு தடவை இயந்திரம் வந்து போகும் கூலி, ஒரே சுற்றில் இரண்டு வேகத்தில் ஓடும் கிரீன்கள், நடுவில் தலைவர் மாறி வடிவமைப்பையே மாற்றும் ஆபத்து எல்லாம் கூடவே வரும். பதினெட்டுக் குழியில் ஒன்பதை மூடி மீதி ஒன்பதில் ஆடுவது பெரும்பாலும் மலிவு. தயக்கம் இருந்தால் முதலில் பயிற்சிக் கிரீனை மட்டும் புது முறையில் கட்டி, ஒரு வருஷம் எல்லோரும் ஆடிப் பார்க்கட்டும்.

இன்னொரு பழக்கம், புதுப்பிப்பது என்றால் கூட்டுவது என்று நினைப்பது. புதிய குளம், புதிய பங்கர், நீளமான டீ. ஒவ்வொன்றையும் ஆயுள் முழுக்கச் சீராட்ட வேண்டும். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் 2010-11-இல் வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் செய்தது நேரெதிர். சுமார் 35 ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு மணலும் காட்டுப் புல்லுமாக விட்டார்கள். தண்ணீர் தெளிக்கும் 1,150 ஸ்பிரிங்க்ளர் தலைகள் 450 ஆயின. 2014-இல் ஆண்கள், பெண்கள் இரண்டு யூ.எஸ். ஓபன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் நடந்தன. அது விடுதி மைதானம், உங்கள் கிளப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் யாரும் ஆடாத மூலைக்கு ஏன் தண்ணீர் விடுகிறோம் என்ற கேள்வி எங்கும் பொருந்தும். நீளமான டீயைவிட முன்னால் ஒரு டீ போடுவது மலிவு, ஆடப் போகிறவர்களும் அதிகம்.

கடைசியாக, குழாய் வரைபடம். எந்த வால்வு எங்கே என்பது பல கிளப்புகளில் ஒரே ஒரு மூத்த பணியாளரின் தலைக்குள் இருக்கிறது. அவர் விடுப்பில் போன நாளில்தான் குழாய் வெடிக்கும். புதிதாகப் பதித்த ஒவ்வொரு குழாய், வால்வு, வடிகாலையும் பள்ளம் மூடுவதற்கு முன்பே ஜி.பி.எஸ். வைத்து அளந்து, படமாக்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படம் கைக்கு வரும் வரை கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள்.